ஆழத்தில் யார் இறங்க வேண்டும், எதற்காக?

2001 ஜூலையில் ஒரு ஜோடி டைட்டானிக் கப்பலின் முகப்பில் திருமணம் செய்துகொண்டது. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில், ரஷ்யாவின் மிர் நீர்மூழ்கிக் கலம் கப்பலின் மேல் அமர்ந்திருக்க, அதற்குள் சடங்கு நடந்தது. 1912இல் சுமார் 1,500 உயிர்களோடு மூழ்கிய கப்பல் அது. அப்போதே கண்டனம் எழுந்தது. அந்த இருவர் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களை அங்கே இட்டுச்சென்ற நடைமுறை பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. மனிதரை ஏற்றிச் செல்லும் ஆழ்கடல் கலங்கள் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க இத்தனை முறை போக வேண்டியதில்லை என்பது என் முடிவு. கடலடி உயிர்களைத் தேடி அதே கலங்கள் இன்னும் பலமுறை போக வேண்டும் என்பதும் என் முடிவுதான்.

டைட்டானிக்கை முதலில் கண்டது கலத்தில் அமர்ந்திருந்த மனிதர் அல்ல. ராபர்ட் பல்லார்டும் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-லூயி மிஷெலும் நடத்திய தேடலில், கப்பலிலிருந்து கம்பிவடத்தில் கட்டி இழுக்கப்பட்ட ஆர்கோ என்ற கேமரா வண்டிதான் 1985 செப்டம்பர் 1 அன்று அதைப் படம்பிடித்தது. அமெரிக்கக் கடற்படை பல்லார்டுக்குக் கொடுத்திருந்த வேலையே வேறு. மூழ்கிப்போன த்ரெஷர், ஸ்கார்பியன் என்ற இரு அணுசக்தி நீர்மூழ்கிகளின் நிலையை அவர் ஆராய வேண்டும். அது முடிந்து மிஞ்சிய நாட்களில்தான் டைட்டானிக். உடைந்த கப்பல் கீழே இறங்கும்போது அதன் துண்டுகள் நீரோட்டத்தில் நீண்ட கோடாகச் சிதறுகின்றன, ஆகவே கப்பலைத் தேடாமல் சிதறலைத் தேட வேண்டும் என்ற பாடத்தை அந்தக் கடற்படை வேலைதான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. மறு ஆண்டு ஆல்வின் என்ற கலத்தில் மனிதர்கள் இறங்கியபோதும், படிக்கட்டு வழியாக உள்ளே போய்ப் பார்த்தது ஜேசன் ஜூனியர் என்ற சிறிய ரோபோதான்.

அதற்குப் பிறகு மனிதர்கள் போய்வந்ததில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987 முதல் நடந்த மீட்புப் பயணங்களில் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் மேலே வந்தன. பதனிட்ட தோல் பைகளுக்குள் இருந்த காகிதங்கள் எழுத்து அழியாமல் கிடைத்தன. மான்செஸ்டரைச் சேர்ந்த வாசனைத் திரவிய வணிகர் அடால்ஃப் சால்ஃபெல்டு அமெரிக்காவில் விற்கலாம் என்று எடுத்துப்போன மாதிரிக் குப்பிகள் 2000இல் மீட்கப்பட்டபோது, சிலவற்றில் மணம் அப்படியே இருந்தது. 1991இல் மிர் கலம் எடுத்துவந்த துருக்கொத்து ஒன்றிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டு, 2010இல் ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே என்று பெயர் பெற்றது. கப்பலின் பக்கங்களிலிருந்து தொங்கும் அந்தத் துருக்கொத்துகள் முழுக்க நுண்ணுயிர்களின் குடியிருப்பு. பைன் மரத்தளத்தைத் துளைப்புழுக்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டன. சிதைவு என்று நாம் பார்க்கிற இடத்தில் ஒரு உயிர்ச்சூழல் நடந்துகொண்டிருக்கிறது. கப்பலின் கதையைத் தேடிப் போகிறவர்களின் கண் பெரும்பாலும் அதில் நிற்பதில்லை.

ஆபத்து மறுபக்கம். கப்பல் சிதைவு என்பது கம்பிகளும் பிதுங்கிய தகடுகளும் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். 1973இல் புளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே ஜான்சன் சீ லிங்க் என்ற கலம், வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலின் சிதைவில் சிக்கி ஒரு நாளுக்கும் மேல் அசைய முடியாமல் கிடந்தது. உள்ளிருந்த நால்வரில் இருவர் கரியமில வாயுவால் இறந்தார்கள். 2000இல் ஒரு மிர் கலம் டைட்டானிக்கின் சுழலியருகே நீரோட்டத்தில் தள்ளப்பட்டு மாட்டிக்கொண்டு பிறகு விடுபட்டது. 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் என்ற கலம் நொறுங்கி ஐவர் இறந்ததை உலகமே அறியும். கார்பன் இழையால் ஆன அதன் உடல் எந்தத் தரச்சான்று அமைப்பின் சோதனைக்கும் உட்படவில்லை. 2018லேயே துறை வல்லுநர்கள் எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 380 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கும்போது, சான்று வாங்குவது புதுமைக்குத் தடை என்று அதை இயக்கிய நிறுவனம் நினைத்தது. அவ்வளவு ஆபத்துக்கும் ஈடாகப் பயணிகளுக்குக் கிடைக்கவிருந்தது, ஏற்கனவே நுணுக்கமாகப் படம்பிடிக்கப்பட்ட ஒரு கப்பலைச் சிறிய ஜன்னல் வழியாகப் பார்ப்பது.

இதை வேறு விதமாகவும் செய்யலாம் என்று 2022 மார்ச்சில் வெடல் கடலில் காட்டினார்கள். துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டியூரன்ஸ் கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஒரு மனிதரும் கீழே இறங்கவில்லை. சேபர்டூத் என்ற ஆளில்லாக் கலம் அதைச் சுற்றிவந்து படமெடுத்தது, லேசரால் அளந்தது. அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடவில்லை. பின்பகுதியில் பெயர் எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. மரத்தைத் தின்னும் புழுக்கள் அந்தக் கடலில் இல்லாததால் மரம் உறுதியாக நிற்க, அதன் மேல் கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் ஒட்டியிருக்கின்றன. கப்பலும் உயிர்ச்சூழலும் ஒரே படத்தில் பதிவாயின.

ஆனால் ரோபோ போனால் எல்லாம் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. 1857இல் தங்கத்தோடு மூழ்கிய சென்ட்ரல் அமெரிக்கா கப்பலை 1988இல் 2,000 மீட்டருக்குக் கீழே கண்டுபிடித்துத் தங்கத்தை அள்ளியதும் ரோபோதான். கருவியைவிட, அதை அனுப்புகிறவரின் நோக்கம்தான் சிதைவின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. மூழ்கிய கப்பலை முடிந்தவரை இருந்த இடத்திலேயே காக்க வேண்டும் என்ற யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை எனக்கு உடன்பாடானது. அதன்படி பார்த்தால் அங்கே தேவைப்படுவது நல்ல கேமரா. மனித இருக்கை அல்ல.

உயிர்களின் கதை வேறு. 1977 பிப்ரவரியில் கலபகோஸ் பிளவில், சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் இறங்கியது. கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்குமா என்று பார்க்கப் போன புவியியலாளர்கள் அதில் இருந்தார்கள். அங்கே ஏதோ இருக்கிறது என்று முந்தைய நாளே இழுவைக் கேமரா காட்டியிருந்தது, உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவரான ஜாக் கார்லிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது ஒரு படம் அல்ல. வெதுவெதுப்பான நீர் கானல் போல நடுங்க, அதைச் சுற்றிப் பெரிய சிப்பிகளும் நண்டுகளும் நெருக்கமாக வாழ்ந்த ஓர் ஊர். ஆழ்கடல் பாலைவனம் என்றல்லவா படித்தோம் என்று அவர் மேலே இருந்த மாணவியிடம் ஒலித்தொடர்பில் கேட்டார். குழுவில் உயிரியலாளர் ஒருவரும் இல்லை. மாதிரிகளைக் கெடாமல் வைக்கப் போதிய திரவமும் இல்லாமல், சிலவற்றை ரஷ்ய வோட்காவில் ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். வாயும் குடலும் இல்லாத, இரண்டு மீட்டர் வரை வளரும் குழாய்ப் புழுக்கள் அங்கிருந்துதான் நமக்குத் தெரியவந்தன. அவற்றின் உடலுக்குள் வாழும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து உணவு ஆக்குகிறது. சூரியனை நேரடியாகச் சாராத உணவுச் சங்கிலி ஒன்று உண்டு என்று பாடநூல்கள் மாறின.

எதிர்பாராததைக் கண்டவுடன் திட்டத்தை மாற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்கிற மனிதக் கண்ணின் பயன் இங்கேதான். அட்லாண்டிக் ஊற்றுகளில் மொய்க்கும் ஒருவகை இறாலைக் கண்ணில்லாதது என்று நினைத்திருந்தார்கள். அதன் முதுகில் பளபளத்த இரண்டு பட்டைகள் ஒளியை உணரும் உறுப்பு என்று உயிரியலாளர் சிண்டி வான் டோவர் காட்டினார். இருட்டில் எதைப் பார்க்க? அவர் கிளப்பிய இந்தக் கேள்விக்காக 1988இல் வடகிழக்குப் பசிபிக்கில் ஆல்வினின் விளக்குகளை எல்லாம் அணைத்துக் கேமராவைத் திருப்பினார்கள். 350 டிகிரி வெந்நீர் கக்கும் புகைப்போக்கியின் வாயில் மெல்லிய ஒளி பதிவானது. வான் டோவர் பிறகு ஆல்வினை ஓட்டவும் பயிற்சி பெற்று, அதன் முதல் பெண் ஓட்டுநர் ஆனார்.

அதே இறால்தான் இந்த நடைமுறையின் மேல் வைக்கப்பட்ட கடுமையான குற்றச்சாட்டும். கலங்களின் வெள்ள விளக்குகள் அவற்றின் ஒளியுணர் திசுவை மீளாதபடி கெடுக்கின்றன என்று 1999இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஊற்று ஒன்றில் இறால் கூட்டம் சுருங்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு கொஞ்சம் ஆறுதல் தந்தாலும், பார்க்கப் போவதே பாதிப்பு என்ற உண்மை மாறவில்லை. இண்டர்ரிட்ஜ் என்ற ஆய்வாளர் கூட்டமைப்பு 2006இல் ஊற்றுகளுக்கான நடத்தை விதிகளை வகுத்தது. அவற்றை மீறினால் தண்டிக்க யாரும் இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது.

மனிதக் கண்ணுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதை ஏற்காதவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் வலுவானது. ஆல்வின் பகலில் இறங்கி மாலையில் ஏறியாக வேண்டும், அடியில் கிடைப்பது சில மணி நேரம். வடத்தில் கட்டிய ரோபோ நாள்கணக்கில் வேலை செய்யும், மேலே பத்துப் பேர் ஒரே திரையைப் பார்த்து விவாதிக்கலாம். கிழக்குப் பசிபிக் மேட்டில் எரிமலைப் பாறை ஓட்டைப் பெயர்த்து, அதன் அடியிலும் குழாய்ப் புழுக்கள் வாழ்வதை அண்மையில் கண்டது ஆளில்லாக் கலம்தான். ஆகவே இரண்டும் வேண்டும். ரோபோ பரப்பை அலசட்டும், அது புரியாமல் நிற்கும் இடத்துக்கு மனிதர் போகட்டும்.

உண்மையான குறை எங்கே போகிறோம் என்பதில் இருக்கிறது. ஆழ்கடல் தரையில் மனிதர் நேரிலோ கேமரா வழியாகவோ பார்த்தது 0.001 சதவீதத்துக்கும் குறைவு என்று 2025இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. பதிவான சுமார் 44,000 இறக்கங்களில் 65 சதவீதம் அமெரிக்கா, ஜப்பான், நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் 200 கடல்மைல் எல்லைக்குள் நடந்தவை. டைட்டானிக்கின் கைப்பிடிக் கம்பி எந்த ஆண்டுகளுக்கு இடையே விழுந்தது என்று நமக்குத் தெரியும். இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் பெரும்பகுதியை யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இங்கேதான் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலம் பற்றி எனக்கு எதிர்பார்ப்பும் அச்சமும் சேர்ந்தே வருகின்றன. மூன்று பேர் அமரும் அதன் டைட்டானியக் கோளம் 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. 2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பயிற்சிக்காகப் பிரான்சின் ‘நோட்டீல்’ என்ற கலத்தில் 4,025, 5,002 மீட்டர் ஆழங்களுக்குப் போய்வந்தார்கள். சான்றிதழ், பயிற்சி என்று முறையாகவே போகிறார்கள். அச்சம் நோக்கத்தைப் பற்றியது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் நிக்கல், கோபால்ட் நிறைந்த பல்லுலோக முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. ஒரு முடிச்சு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டு ஆகிறது. அதையே தரையாகக் கொண்டு ஒட்டி வாழும் உயிர்கள் உண்டு. பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் 1989இல் சோதனைக்காகக் கலப்பை ஓட்டிய தடங்கள், 26 ஆண்டுகள் கழித்துப் போனபோதும் அப்படியே இருந்தன.

ஆகவே மத்ஸ்யாவின் ஒவ்வொரு அறிவியல் இறக்கத்திலும் ஒரு இருக்கை உயிரியலாளருக்கு என்று விதி வேண்டும். எடுக்கும் காணொளியும் மாதிரிகளும் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். முடிச்சுகளை அள்ளும் அனுமதி பற்றி யாரும் கையெழுத்திடுவதற்கு முன், எந்த முடிச்சின் மேல் எந்த உயிர் வாழ்கிறது என்ற பட்டியல் அச்சில் வந்திருக்க வேண்டும்.