பேசித் தீர்த்த தீவு

285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பவரும் இல்லை. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. 1910 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த ராமநாதபுரம் ஜமீன் தன்னுடையது என்று குத்தகைக்கு விட்டுவந்த கச்சத்தீவு, 1974 ஜூனில் இலங்கைப் பக்கம் போனது. ஒரு தோட்டாகூடச் செலவாகவில்லை. இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பேசி முடித்தார்கள்.

நடுவர் மன்றம் இருந்தது, ஹேக் நீதிமன்றம் இருந்தது; டெல்லி ஏன் பேச்சைப் பிடித்துக்கொண்டது? கட்ச் ரண்ணில் பட்ட சூடு ஆறியிருக்காது. 1968-இல் நடுவர் மன்றம் அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க, நாடாளுமன்றம் கொதித்தது. ஹேக்கிலோ, காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுக்கு இந்தியாவே விலக்கு வைத்திருந்தது.

பேச்சால் பலன் இல்லாமலில்லை. 1921-லிருந்து இழுத்துக்கொண்டிருந்த விவகாரம் முடிந்து பாக் நீரிணையில் கோடு விழுந்தது. ஆனால் பேச உட்கார்ந்தவர்களில் அந்தக் கடலில் வலை வீசியவர் எவருமில்லை. இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்போல் விசா இன்றித் தீவுக்கு வந்துபோகலாம் என்றது 5-ஆம் பிரிவு. வந்துபோகலாம் சரி, மீன் பிடிக்கலாமா? ராமேசுவரம் ‘ஆம்’ என்று படித்தது. கொழும்பு ‘வலை காயப்போடலாம்’ என்றது. 1976 மார்ச்சில் இரு நாட்டு அதிகாரிகள் மாற்றிக்கொண்ட கடிதங்கள் மீன்பிடிப்பை அடைத்தன. அப்போது நெருக்கடி நிலை. தமிழக ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிர்த்துத் தீர்மானம் போடச் சட்டமன்றமே கிடையாது.

இந்திய நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கச்சத்தீவில் கொடுத்தது எதுவுமில்லை, எல்லையை வரையறுத்தோம், அவ்வளவுதான் என்பது மத்திய அரசின் வாதம். கெட்டிக்கார வாதம். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இதை எதிர்த்துத்தான்.

நடுவரிடம் போயிருந்தால் தீவு நமக்கே வந்திருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2014-இல் வங்கக் கடல் வழக்கில் 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது, இந்தியா ஏற்றுக்கொண்டது. தோற்றாலும், ஏன் தோற்றோம் என்பது தீர்ப்பில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கச்சத்தீவில் அப்படிப் படித்துப் பார்க்க எதுவுமில்லை. இத்தனைக்கும் இன்றைய சண்டை தீவைத் தாண்டியது: நம் இழுவை மடிகள் அடிக்கடலை வழிப்பதாக யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களே குமுறுகிறார்கள். தீவு திரும்பினாலும் அந்தக் குமுறல் அடங்காது.

அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து இன்றும் படகுகள் போகின்றன. பாஸ்போர்ட் வேண்டாம், முன்கூட்டியே பெயர் பதிந்து, அடையாள அட்டையைக் காட்டி ஏற வேண்டும். 2024-இல் மீனவர் கைதுகளைக் கண்டித்து அந்தப் படகுகளும் கிளம்பவில்லை.