மூன்றாவது பாகம்

'காட்ஃபாதர்' படங்கள் மூன்றையும் வீட்டிலேயே பார்க்கும் வசதி வந்தபிறகு, செங்கற்பட்டில் என் நண்பர்களிடையே இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. 1972-ல் வந்த முதற்படமே உயர்ந்தது என்பது ஒரு கட்சி. தந்தையின் இளமையையும் மகனின் வீழ்ச்சியையும் மாற்றி மாற்றிக் காட்டும் 1974-ஆம் வருஷத்துப் படமே உயர்ந்தது என்பது மற்றொன்று. 1990-ல் வந்த மூன்றாவது வேண்டாத வால் என்பதில் மட்டும் இரு கட்சியாருக்கும் பரிபூரண ஒற்றுமை!

எனக்கு அதில் சம்மதமில்லை. குறைகள் உண்டுதான். வாடிகன் பாங்கி விவகாரம் தலையைச் சுற்றவைக்கிறது. மகளாக வரும் ஸோபியா கொப்போலாவுக்கு அந்த வேஷம் பாரம். டைரக்டர் கொப்போலாவே 2020-ல் படத்தை வெட்டித் திருத்தி, பெயரையும் மாற்றி வெளியிட்டார்.

ஆனால் முதற்படத்தின் கடைசியில், மைக்கேல் மனைவியிடம் பொய் சொன்னபிறகு அவள் முகத்துக்கு நேரே கதவு மூடுகிறதே, அந்தக் கணக்கு எங்கே தீர்கிறது? பலெர்மோ நாடகசாலைப் படிக்கட்டில், அவனுக்குக் குறிவைத்த குண்டு மகள்மீது பாயும்போதுதான். எல்லாம் குடும்பத்துக்காக என்றவனுக்குக் குடும்பமே மிஞ்சவில்லை. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) அதே கணக்கை ஒரே படத்தில் தீர்த்துவிடுகிறது: மகன் சாகிறான், மகள் பிரிகிறாள். வேலு நாயக்கர்மீது நமக்கு இரக்கம் வருகிறது, பொறாமை வருவதில்லை.

மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத ரதங்களும் இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுத் திரும்புகிறவர் யார்? உளி நின்ற இடத்தையும் பார்த்தால்தான் சிற்பியின் எண்ணம் விளங்கும்.

வீட்டில் பார்க்கிறவர் நினைத்த இடத்தில் படத்தை நிறுத்தலாம். ஆபத்தும் அதில்தான். கதவு மூடிய இடத்தில் நிறுத்தியவர், கொலைகாரனை வீரன் என்று எண்ணிக்கொண்டே தூங்கப் போய்விடுவார்.