கொல்லைக் கடைசியில் ஒரு முக்காலி

குடமுருட்டி ஆற்றங்கரையிலேயே வீடு இருக்கும். பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குக் கார் பிடிப்பார்கள். கொல்லையிலேயே உட்கார்ந்து பார்க்கக் கூப்பிட்டால், "எனக்குப் பேரெல்லாம் தெரியாதே" என்று ஒதுங்குவார்கள். பேர் யாருக்கு வேண்டும்?

காலை ஆறரைக்குப் பறவை, பத்து மணிக்குமேல் தட்டான். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வேலியோர நிழலில் முக்காலியைப் போட்டு அரைமணி அசையாமல் உட்காருங்கள். அடிப்படை அவ்வளவுதான்.

பங்குனியைத் தவறவிடாதீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். பங்குனிக்குள் ஆறு மணலாகி, மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அதற்குள் நெருங்கிவிடும். கொக்கும் மீன்கொத்தியும் உங்கள் துவைகல்லுக்கு எதிரே வந்துதான் ஆகவேண்டும்.

இனி முக்கியமான விஷயம். எதைப் பார்த்தாலும் ஒன்றைக் கேளுங்கள்: இது இருந்து பிடிப்பதா, பறந்து பிடிப்பதா? வெண்மார்பு மீன்கொத்தி கம்பியில் இருந்து பிடிப்பது; மீனோ ஓணானோ வெட்டுக்கிளியோ, எதுவும் சம்மதம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்குமேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும். ஒரே வம்சம், இரண்டு பிழைப்பு! பஞ்சுருட்டான் தேனீயைக் கவ்விக்கொண்டு கொம்புக்குத் திரும்பி, கொடுக்குப் போக அடித்துத் தேய்த்த பிறகே விழுங்கும். பனை உழவாரனோ தின்பதும் குடிப்பதும் பறந்தபடியே.

தட்டானிலும் இதே பிரிவு உண்டு. சிவப்புத் தட்டான் ஒரே கோரைத் தண்டுக்குத் திரும்பத் திரும்ப வரும். உச்சிவெயிலில் வாலைச் சூரியனுக்கு நேரே தூக்கி நிற்பது, உடம்பில் படும் வெயிலைக் குறைக்கத்தான். கூட்டமாக வட்டமடிக்கும் மஞ்சள் தட்டான் உட்காருவதே அபூர்வம். இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகிற இனம் அது.

இருந்து பிடிப்பது பறந்துபோனாலும் கொம்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், திரும்பி வரும். பறந்து பிடிப்பது எங்கே சட்டென்று வளைகிறதோ, அங்கே பூச்சி இருக்கிறது.

"இன்று நாற்பது இனம்" என்று கணக்குப் போடுவது ரசனை அல்ல, வசூல். நீளமான லென்ஸோடு வந்து படம் கிடைத்ததும் கிளம்புகிறவர், மீன்கொத்தி இரையைத் தவறவிட்டு மறுபடி காத்திருப்பதைப் பார்ப்பதே இல்லை. "சாதாரணப் பறவைதானே" என்று எழுதுகிற நிபுணர்களோ, அந்தச் சாதாரணத்தின் முன்னால் ஒருமணி நேரம் உட்கார்ந்தவர்கள் அல்ல.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கரையோரம் பட்டுப்போன கொம்பு இருந்தால் வெட்டாதீர்கள். எங்கள் கொல்லையில் அப்படி ஒரு நுணாக்கொம்பு நிற்கிறது. காலையில் மீன்கொத்தி, வெயிலில் தட்டான், சாயங்காலம் கரிச்சான் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அதை விறகாக்கச் சொல்லி நச்சரித்த அம்மா, இப்போது காப்பி டம்ளரோடு வந்து என் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்கிறாள்: "வந்துட்டானா?"