போர் விமானப் பாவனை விளையாட்டுகளில் தலையசைவு அமைப்புகள்: ஒரு மதிப்பீடு

ஹெட் டிராக்கிங் எனப்படும் தலையசைவுத் தடமறிதல், விளையாடுபவரின் தலை திரும்பும் கோணத்தையும் நகரும் தூரத்தையும் கேமரா மூலம் அளந்து, விளையாட்டில் விமானியின் பார்வையை அதற்கேற்பத் திருப்பும் முறையாகும். டிசிஎஸ் வேர்ல்ட், ஐஎல்-2 ஸ்டுர்மோவிக் போன்ற விளையாட்டுகளில் இது பெரிதும் பயன்படுகிறது. அமெரிக்காவின் நேச்சுரல்பாயிண்ட் நிறுவனத்தின் டிராக்ஐஆர் விலைக்கு வாங்கும் கருவி. ஓப்பன்டிராக் இலவசத் திறமூல மென்பொருள். சாதாரண வெப்கேமராவைக் கொண்டே முகத்தைப் பின்தொடரும். எதை வைத்திருந்தாலும் அதன் பயன் அமைப்புகளைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

தவறான அளவுகோல்

ஓர் அமைப்பைப் பாராட்ட 'நிஜம் போல இருக்கிறது' என்று சொல்வது வழக்கம். இந்த அளவுகோல் பொருந்தாது. கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018-ல் வந்தது 45-ஆம் படைப்பிரிவு. அதன் தேஜஸ் விமானத்திலும் விமானியின் தலைக்கவசம் தலையின் திசையை அளக்கிறது. அவர் பார்க்கும் பக்கம் ஏவுகணையின் தேடுகருவி திரும்புகிறது. அங்கே தலை 10 பாகை திரும்பினால் பார்வையும் 10 பாகைதான்.

வீட்டு மேசையில் அது நடக்காது. திருவண்ணாமலையில் கிரிவலம் செல்பவர் வலப்பக்கமுள்ள மலையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கண்ணும் கூடவே செல்லும். திரைமுன் இருப்பவரோ தலையை வலப்பக்கம் திருப்பி, கண்ணை இடப்பக்கம் திரைக்கே கொண்டுவர வேண்டும். 30 பாகைக்கு மேல் போனால் கண் களைத்துவிடும். ஆகவே அந்த 30 பாகைக்குள் 150 பாகைப் பார்வை, அதாவது சராசரியாக ஐந்து மடங்கு, தேவைப்படுகிறது. இது தெரிந்தே செய்யும் மிகைப்படுத்தல். அதை எந்த இடத்தில் கூட்டுவது, எந்த இடத்தில் குறைப்பது என்பதே கேள்வி.

வளைகோடு

ஐந்து மடங்கை நேர்கோடாக வைத்தால் தலை ஒரு பாகை ஆடும்போது காட்சி ஐந்து பாகை ஆடும், குறிபார்க்க இயலாது. இதற்காகப் பலர் நடுவில் அசைவே பதியாத 'டெட்சோன்' ஒன்றை அகலமாக வைக்கிறார்கள். அதன் விளிம்பைத் தாண்டும் கணத்தில் பார்வை வெட்டி இழுக்கிறது. முதல் எட்டுப் பாகை வரை சரிவு குறைவாகவும், பின்னர் படிப்படியாகச் செங்குத்தாகவும் செல்லும் வளைகோடு இரண்டு குறைகளையும் தவிர்க்கும்.

1963 முதல் 2025 செப்டம்பர் வரை இந்திய விமானப்படையில் இருந்தது மிக்-21. டிசிஎஸ் வேர்ல்டில் உள்ள அதன் 'பிஸ்' வகை இதற்கு நல்ல சோதனை. முன்கண்ணாடியின் தடித்த சட்டம் பார்வையை மறைக்கும். பின்புறமும் சரியாகத் தெரியாது. தலையைத் திருப்பினால் மட்டும் போதாது, பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்க்க வேண்டும். சுழற்சிக்கான மூன்று அச்சுகளைச் சரிசெய்து, இடப்பெயர்ச்சிக்கான மூன்றை விட்டுவிடும் அமைப்பு இங்கே தோற்றுப்போகும்.

வடிகட்டியும் தாமதமும்

ஓப்பன்டிராக்கின் ஆக்செலா வடிகட்டி நடுக்கத்தை நன்றாக அடக்குகிறது. ஆனால் அதைக் கூட்டக் கூட்டத் தாமதமும் கூடும். நொடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேமராவில் இரு படங்களுக்கு இடையே சுமார் 33 மில்லிநொடி. 120 படம் எடுக்கும் டிராக்ஐஆர் 5-ல் சுமார் 8. வடிகட்டியின் தாமதம் இதற்கும் மேல். வெளிச்சம் குறைந்த அறையில் பல வெப்கேமராக்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். நடுக்கத்தைக் கண்டு மாணவர் வடிகட்டியைக் கூட்டுகிறார். பிறகு பார்வை பின்தங்குவதைக் கண்டு புதுக் கருவிக்குப் பணம் தேடுகிறார். முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பதே முதல் வேலை.

மதிப்பீடு

ஓப்பன்டிராக்கின் பெரிய நிறை, விலையின்றி எல்லா அமைப்புகளையும் பயனர் கையில் தருவது. எதை முதலில் தொடுவது என்பதை அதன் சாளரம் உணர்த்தாதது குறை. வெளிச்சம், கேமராவின் இடம், நேர்ப்பார்வையைக் குறிக்கும் மைய விசை, வளைகோடு, கடைசியாக வடிகட்டி என்பதே பயனுள்ள வரிசை.

பிறருடைய அமைப்புக் கோப்பை நகலெடுப்பதும் உதவாது. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ.; 60 செ.மீ. தொலைவிலிருந்து அதன் விளிம்பு நடுவிலிருந்து 24 பாகையில் இருக்கும். திரையோ இருக்கையோ மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

நல்ல அமைப்பைக் கண்டறிய இரண்டு கேள்விகள் போதும். கண்ணிலிருந்து தப்பிய எதிரி விமானத்தை மீண்டும் கண்டுபிடிக்க முடிகிறதா? அரை மணி நேரம் விளையாடிய பின் கழுத்து வலிக்காமல் இருக்கிறதா?