ஷோன்பெர்க்கும் ஆதார சுரமும்

மேற்கத்திய இசையில் ஒரு படைப்பு ஒரு சுரத்தை ஆதாரமாகக் கொண்டு புறப்பட்டு, எங்கெங்கோ சுற்றி, மீண்டும் அதிலேயே வந்து அமரும் ஒழுங்கு டோனாலிட்டி எனப்படும். அந்த ஒழுங்கைத் தகர்த்தவர் என்றே வியன்னாவில் பிறந்த ஆர்னால்ட் ஷோன்பெர்க் (1874–1951) பெரும்பாலும் அறியப்படுகிறார். அவருடைய எழுத்தையும் இசையையும் சேர்த்து அணுகும் எவருக்கும் இந்தக் கணிப்பு மேலோட்டமானது என்பது விளங்கும்.

ஒரு சுரம் ஒலிக்கும்போது அதனோடு மெல்லிய மேற்சுரங்களும் எழுகின்றன. அவற்றுள் அண்மையிலுள்ளவை காதுக்கு எளிதில் பிடிபடுவதால் இசைவொலி என்றும், தொலைவிலுள்ளவை இன்னும் பழகாததால் முரணொலி என்றும் கொள்ளப்பட்டன என்றும், இரண்டுக்கும் இடையே வேறுபாடு அளவில்தானே தவிர இயல்பில் இல்லை என்றும் 1911-இல் வெளிவந்த தம் ஒத்திசை நூலில் அவர் வாதிட்டார். முரணொலி இசைவொலியில் சென்று முடிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதனால் தளர்கிறது.

இந்தக் கருத்து நூலாவதற்கு முன்பே, 1908-இல் முடிந்த இரண்டாம் நரம்பிசை நால்வர் படைப்பில் ஒலித்துவிட்டது. எஃப் ஷார்ப் மைனரில் தொடங்கும் இப்படைப்பின் மூன்றாம் பகுதியில், நான்கு நரம்புக் கருவிகளுக்கே உரிய வடிவத்துக்குள் ஒரு பெண்குரல் நுழைகிறது. நான்காம் பகுதியில் ஆதார சுரத்தைச் சுட்டும் குறிகள் ஏட்டிலிருந்தே மறைய, அடக்கிய ஒலியில் செல்லோவில் பிறக்கும் ஒரு துணுக்கு கருவிக்குக் கருவி தொற்றி மேலேறிக் கரைகிறது. அதன்பின் அக்குரல், மண்ணுலகை விட்டு விலகும் நிலையைச் சொல்லும் ஸ்டெஃபான் கெயோர்கின் கவிதையைப் பாடுகிறது. காலூன்ற இடமில்லாத இந்த மிதப்பு, எத்தனை விளக்கத்தையும் விட ஷோன்பெர்க்கின் எண்ணத்தை உணர்த்த வல்லது. இறுதியிலோ எஃப் ஷார்ப் மேஜர் தெளிவாக ஒலிக்கிறது. இவ்வளவு தொலைவு சென்று திரும்பியதால், அந்தப் பழைய ஒத்திசை அங்கே புதிதாகவே கேட்கிறது.

பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி எதற்கும் தலைமை தராத முறையைப் பின்னாளில் அவர் வகுத்தார். 1923-இல் முடிந்த பியானோ தொகுப்பின் வரிசையில் கடைசி நான்கு சுரங்களைப் பின்னிருந்து படித்தால், ஜெர்மானியச் சுரப்பெயர்களில் பழைய மரபின் இசைமேதை பாக்கின் பெயரே எழுத்துக் கூடி வருகிறது. மரபை இவ்வளவு நெருக்கமாகப் பொதிந்து வைத்தவரைப் பகைவர் என்பது பொருந்தாது.

அமெரிக்காவில் குடியேறிய பின் அவர் ஆதார சுரமுள்ள படைப்புகளையும் எழுதினார். 1906-இல் தொடங்கிப் பாதியில் நின்ற இரண்டாம் சேம்பர் சிம்ஃபனியை 1939-இல் மீண்டும் கையிலெடுத்தவர், அதைப் பன்னிரு சுர முறைக்கு மாற்றாமல், தொடங்கிய அதே ஈ ஃபிளாட் மைனரிலேயே முடித்து வைத்தார்.