கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு நூல்

திருப்பூரில் டிசம்பர் மாதத்துக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ஐரோப்பியக் கடைகளில் கிறிஸ்துமஸ் பரிசாக விற்பனையாக வேண்டிய பனியன்களும் குழந்தை உடுப்புகளும் பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே அட்டைப்பெட்டிகளில் அடைபட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்தைக் கடந்துவிடும். பண்டிகை நெருங்கும் வேளையில் இங்கு அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்படும். தாயும் தந்தையும் வழக்கம்போல் ஷிஃப்டுக்குப் போய்விட, காம்பவுண்டு வீடுகளின் வாசற்படிகளில் பிள்ளைகள் விடுமுறையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சில நாட்களுக்கு அந்தப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பீர்கள்? அறிவியல் நூலாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் கொடுப்பது? கிறிஸ்துமஸ் காலத்திலேயே பிறந்த இரண்டு நூல்களை எடுத்துக்கொண்டு இக்கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நூல் கொடுப்பதை ஒரு நாடே வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறது. வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஐஸ்லாந்துதான் அது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பல பொருள்களுக்குத் தட்டுப்பாடு இருந்தபோது காகிதம் மட்டும் ஓரளவு தாராளமாகக் கிடைத்ததால் அங்கே புத்தகமே பரிசுப் பொருளாயிற்று. 1944 முதல் புதிய நூல்களின் பட்டியல் ஒன்று ஆண்டுதோறும் வெளியாகி வீடுகளுக்கு அனுப்பப்படுகிறது. டிசம்பர் 24 இரவில் பரிசைப் பிரித்துப் படிக்க உட்காருகிறார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. திருப்பூரின் நகரக் கூட்டமோ 2011 கணக்கெடுப்பிலேயே 9 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. வாங்க ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

நாமும் நூல் பரிசளிக்காதவர்கள் அல்லர். ஆண்டு விழாவில் முதல் பரிசு கேடயம். இரண்டாம் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அறிவியல் போட்டி என்றால் மட்டும் ஒரு புத்தகம். அதுவும் பெரும்பாலும் வழவழப்பான தாளில் டைனோசர், ராக்கெட், எரிமலை என்று பக்கத்துக்குப் பத்துப் படம் போட்ட ஆங்கிலக் களஞ்சியமாகவே இருக்கும். வண்ணக் காகிதத்தைப் பிரித்ததும் வீட்டார் அதைக் கண்ணாடி அலமாரியில், பொம்மைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பார்கள். அழுக்காகிவிடுமே என்று பிள்ளையைத் தொடவிடமாட்டார்கள். அதில் உள்ள செய்திகள் பொய்யல்ல. ஆனால் அவற்றில் ஒன்றையாவது அந்தப் பிள்ளை தன் கையால் சோதித்துப் பார்க்க இயலாது. எரிமலைக்கு எங்கே போவது?

இனி நம் முதல் நூலின் கதைக்கு வருவோம். அது ஒரு தொழிலாளிச் சிறுவனிடமிருந்து தொடங்குகிறது. கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் பாரடே (1791–1867) 1805-இல் லண்டனில் ஜார்ஜ் ரீபோ என்ற புத்தகக் கட்டடக்காரரிடம் ஏழாண்டு ஒப்பந்தத்தில் வேலை பழகச் சேர்ந்தான். தைத்து அட்டை கட்ட வந்த நூல்களை வேலை முடிந்த பிறகு படித்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் ஆகிய இரண்டும் அவனைப் பற்றிக்கொண்டன. படித்ததை நம்பிவிடாமல், கைக்கு எட்டிய சிறு சோதனைகளைச் செய்து சரிபார்த்தான். 1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே அட்டை கட்டி, அந்த ஆண்டின் டிசம்பரில் டேவிக்கே அனுப்பிவைத்தான். டேவி பதில் எழுதிய நாள் 1812 டிசம்பர் 24. மறு ஆண்டு மார்ச்சில் அவனுக்கு ஆய்வகத்தில் வேலை கிடைத்தது.

கிறிஸ்துமஸ் காலத்தில் கைமாறிய நூல்களுள் இதைவிடப் பெரிய பலன் தந்தது உண்டா என்பது ஐயமே. பிற்காலத்தில் மின்சார மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் அடிப்படையைக் கண்டவர் இந்தப் பாரடேதான். இன்று திருப்பூரில் ஓடும் ஒவ்வொரு பவர் டேபிளுக்குள்ளும் அவர் இருக்கிறார்.

1825-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. உலகப்போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நின்றது தவிர இன்றும் நடக்கின்றன. பாரடே மட்டும் 19 தொடர்கள் நிகழ்த்தினார். 1860 டிசம்பரிலும் 1861 ஜனவரியிலும் அவர் பேசிய ஆறு சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்தார். "ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு" என்று தமிழில் சொல்லத்தக்க நூல் அதுவே.

நூலின் பொருள் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. எரியும்போது மேலே ஒரு கிண்ணம் உண்டாகிறதே, எப்படி? சுடரின் வெப்பத்தால் காற்று மேலெழுகிறது. பக்கங்களிலிருந்து வரும் குளிர்ந்த காற்று விளிம்பை உருகவிடாமல் காக்கிறது. நடுப்பகுதி மட்டும் உருகிக் குழிகிறது. உருகிய மெழுகு திரியில் ஏறுவது எவ்வாறு? திரியின் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் திரவம் தானே ஏறும் நுண்புழை ஏற்றத்தால். இதை விளக்க அவர் உப்புத் தூண் ஒன்றின் அடியில் நீல நிறக் கரைசலை ஊற்றி அது மேலேறுவதைக் காட்டுகிறார். கைகழுவும் பாத்திரத்தின் விளிம்பில் தொங்கவிட்ட துண்டு நீரை வெளியே இறைத்துவிடுவதையும் சொல்கிறார். அழகுக்காக வரிவரியாகப் பள்ளமிட்டு வார்த்த மெழுகுவர்த்திகள் சரியாக எரிவதில்லை என்றும், கிண்ணம் ஒழுங்காக அமையாததே காரணம் என்றும் அவர் கூறும் இடத்தில் எனக்கு மேற்படி வழவழப்புக் களஞ்சியங்கள் நினைவுக்கு வந்தன.

இந்த நூலின் சிறப்பு, அதை மூடிவைத்துவிட்டுச் செய்து பார்க்கலாம் என்பது. கார்த்திகைத் தீபம் முடிந்து அகல் விளக்குகள் இன்னும் பரணுக்குப் போகாத காலம் இது. அகலில் எண்ணெய் முன்பே திரவமாக இருப்பதால் கிண்ணம் உண்டாகும் வேலை இல்லை. திரியில் ஏறும் வேலை மட்டும் நடக்கிறது. மெழுகுவர்த்தியையும் அகலையும் அருகருகே வைத்தால் பாரடே சொன்னதில் பாதி கண்ணெதிரே விளங்கும். சுடரை வெயிலில் வைத்து அதன் நிழலைச் சுவரிலோ வெள்ளைத் தாளிலோ விழச்செய்யுங்கள். சுடரில் எந்த இடம் மிகப் பிரகாசமோ அந்த இடமே மிகக் கருமையான நிழலைத் தரும். அங்கே இருப்பவை வெண்சூட்டில் ஒளிரும் கரித்துகள்கள். ஒளியைத் தருபவையும் அவையே, வெயிலை மறைப்பவையும் அவையே. (பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். பனியன் துணி எளிதில் தீப்பற்றும்.)

திருப்பூர்ப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. கட்டிங் வேஸ்ட் இல்லாத தெரு இங்கு அரிது. சலவைக்குப் போகாத கிரே துணித் துண்டு ஒன்றும், வெளுத்த துணித் துண்டு ஒன்றும் எடுத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கிரே துணியில் நீர் முத்தாக நிற்கும். வெளுத்த துணியில் உடனே பரவி மறையும். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு பூசியிருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அதை நீக்கிய பிறகே துணி நீரையும் சாயத்தையும் குடிக்கும். திரியில் நிகழ்வதும் சாயத்தொட்டியில் நிகழ்வதும் ஒரே விதிப்படிதான் என்று பாரடேயை வைத்துக்கொண்டு ஒரு மாணவி தானே கண்டுகொள்ள முடியும். அவளுடைய தாய் செக்கிங் டேபிளில் நாள் முழுதும் தொட்டுப் பார்க்கும் துணியே அவளுக்குச் சோதனைப்பொருள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். முதல் இரண்டு சொற்பொழிவுகளை வீட்டில் நடத்திப் பார்க்கலாம். அதற்கு மேல் ஹைட்ரஜன், பொட்டாசியம், மின்கல அடுக்கு என்று போகிறது. பள்ளி ஆய்வகமும் பழகிய ஆசிரியரும் இல்லாமல் அவற்றில் இறங்கக் கூடாது. பேசியதை அப்படியே எழுதிய நூலாதலால், "இதோ பாருங்கள்" என்று அவர் காட்டும் பொருள் நம்முன் இருக்காது. தனியே வாய்க்குள் படித்தால் பல பக்கங்கள் உயிரற்றவையாகத் தோன்றும். எனவே ஆங்கிலம் தெரிந்த அக்காவோ ஆசிரியரோ ஒரு பத்தியைப் படித்து, தமிழில் சொல்லி, செய்து காட்ட, நாலு பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லத் தொடங்கினேன். ஒருவருக்கு வாங்கிய நூல் ஐவருக்குப் பயன்படுமானால் அது குறையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது நூல் அவ்வளவு புகழ்பெற்றதல்ல. ஆனால் திருப்பூருக்கு நெருக்கமானது. படிகங்களை எக்ஸ்-கதிர்களால் ஆராய்ந்ததற்காக 1915-இல் மகனோடு நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஹென்றி பிராக், 1925 கிறிஸ்துமஸில் அதே மேடையில் பேசிய பேச்சுகள் மறு ஆண்டு நூலாயின. "பழைய தொழில்களும் புதிய அறிவும்" என்பது தலைப்பின் பொருள். மாலுமி, கொல்லர், நெசவாளர், சாயக்காரர், குயவர், சுரங்கத் தொழிலாளி என்று ஆறு தொழில்களுக்கு ஆறு அத்தியாயங்கள். திருப்பூரில் முதல் பனியன் ஆலை தொடங்கியதும் 1925-இல் என்றே ஊர் வரலாறு சொல்லும். இங்கே முதல் பின்னல் இயந்திரம் சுழன்ற ஆண்டில், நோபல் பரிசு பெற்ற ஓர் அறிஞர் நெசவையும் சாயத்தையும் பிள்ளைகளுக்கு விளக்குவதைத் தமக்குத் தகுந்த வேலையாகக் கருதினார் என்பதை நம் கல்லூரிப் பேராசிரியர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிப்பட்ட பேச்சு அறிவியலுக்கே திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1926-இல் தாம் நிகழ்த்த இருந்த ஒரு சொற்பொழிவுக்காக, இழைகளை எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்படி தம் ஆய்வகத்திலிருந்த வில்லியம் அஸ்ட்பரியைப் பிராக் கேட்டுக்கொண்டார். அந்த வேலையில் மனம் ஒன்றிய அஸ்ட்பரி 1928-இல் கம்பளித் தொழில் நகரமான லீட்ஸுக்குப் போய், கம்பளியை இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் மடிப்பு விரிவதை ஆராய்ந்தார். 1938-இல் அவரும் புளோரன்ஸ் பெல்லும் டிஎன்ஏ இழையின் எக்ஸ்-கதிர்ப் படங்களை வெளியிட்டனர். கம்பளி மில்லும் மரபுப்பொருளும் இவ்வளவு அருகில் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்?

ஆனாலும் பிராக்கின் நூலை அப்படியே கொடுத்தால் போதாது. தறித்துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பனியன் துணியிலோ ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக வளைந்து செல்கிறது. நூல் அவ்வளவாக நீளாதபோதும் பனியன் இழுபடுவதற்குக் காரணம், வட்டக் கண்ணிகள் நீள்கண்ணிகளாக உருமாறுவதே. மூடித் திறக்கும் சிறு நாக்குடைய ஊசி 1840-களில் மாத்யூ டவுன்செண்டு கண்டது. இன்றும் வட்ட நிட்டிங் மெஷினில் அதுவே ஏறி இறங்குகிறது. சாயத்தின் கதையும் மாறிவிட்டது. பருத்தியோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள் விற்பனைக்கு வந்தது 1956-இல். அவற்றை இழையை நோக்கித் தள்ள ஏராளமான உப்பு வேண்டும். அந்த உப்பு பிறகு எங்கே போயிற்று என்பதை நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் அறியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இதனால்தான். 1926-இன் நூலில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பின்னல், சாயம், கழிவுநீர் என்ற மூன்று அத்தியாயங்களைத் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டியவர்கள் இந்த மண்ணில் இருப்பவர்கள்.

தமிழில் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. பெ.நா. அப்புசுவாமி (1891–1986) வாழ்நாள் முழுதும் எளிய தமிழில் அறிவியல் எழுதினார். பெரெல்மானின் "பொழுதுபோக்கு பௌதிகம்" சோவியத் நாட்டில் தமிழில் அச்சாகி மலிவாகக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 1991-க்குப் பின் அந்த வரத்து நின்றது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" வருகிறது. ஆனால் இவற்றுள் எதைப் பரிசுக்கு எடுத்தாலும் என் அளவுகோல் ஒன்றே: முதல் பத்துப் பக்கங்களுக்குள் அந்தப் பிள்ளை எழுந்துபோய் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துவர வேண்டும். எழாவிட்டால் வேறு நூலைப் பாருங்கள்.

நூல் என்ற சொல் நமக்குப் பஞ்சில் நூற்ற இழைக்கும் பெயர், ஏட்டுக்கும் பெயர். நன்னூலார் இவ்வொப்புமையை விரித்தே பேசியிருக்கிறார். இழை ஓரிடத்தில் அறுந்தால் கண்ணிகள் வரிசையாகக் கழன்றுவிடும் என்பது பனியன் கம்பெனியில் கைமடிக்கு நிற்கும் பிள்ளைக்கும் தெரியும். எனவே கொடுக்கும் நூலின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாமல், கீழே நாலைந்து கோடு போட்டு இடம் விடுங்கள். படித்தவர் தம் பெயரையும், செய்து பார்த்த சோதனையையும் எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கட்டும். பாரடே புகழ்பெற்ற பிறகும் தம் ஆய்வுக் கட்டுரைகளை மார்செட் அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பிவந்தார்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் மீதி. பின்னல் புக் டிரஸ்ட் முன்னின்று நடத்திவரும் திருப்பூர்ப் புத்தகத் திருவிழா ஜனவரி இறுதியை ஒட்டி வருகிறது. அதற்குள் அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே இந்த டிசம்பருக்கு உங்கள் அலமாரியில் உள்ளதை எடுத்துக் கொடுங்கள். அடுத்த டிசம்பருக்கானதைத் திருவிழாவில் வாங்கும்போது, கடையிலேயே நின்று முதல் பத்துப் பக்கங்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.