இலக்கணம் கற்பித்தலில் இயல்பும் நிலையும்

மாணாக்கரின் தரமறிந்து கற்பித்தல் வேண்டும் என்பது நன்னூலார் வலியுறுத்திய கொள்கை. அன்னமும் ஆவும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கும், இல்லிக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை மாணாக்கர்க்கும் உவமையாயின. ஆயினும், இப்பகுப்பு மாணாக்கரின் இயல்பு பற்றியதேயன்றி, அவர் கற்றுள்ள நிலை பற்றியதன்று. அன்னம் போன்ற மாணாக்கனும் பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுங்கால் தொடக்கநிலையிலேயே நிற்பான். இயல்பையும் நிலையையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் தீங்கினை ஆங்கில இலக்கண வகுப்புகளில் இன்றும் காணலாம்.

நிலை நோக்கி எழுந்த ஆங்கில இலக்கண நூல்களுள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தார் வெளியிட்ட மூன்று நூல்கள் பலநாட்டாராலும் பயிலப்படுவன. ரேமண்ட் மர்ஃபி இயற்றிய இடைநிலை நூல் 1985இலும், அவரே இயற்றிய தொடக்கநிலை நூல் 1990இலும், மார்ட்டின் ஹியூயிங்ஸ் இயற்றிய உயர்நிலை நூல் 1999இலும் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் விளக்கமும் எதிர்ப்பக்கத்தில் பயிற்சியும் அமைந்த முறை மூன்றற்கும் பொதுவாகும். இலக்கணத்தைக் கூறுபடுத்தி நூலுக்கு ஒரு பங்காக இவை வழங்கவில்லை. ஒரே இலக்கணக் கூறு மூன்று நூல்களிலும் மீண்டும் மீண்டும் வருகின்றது. இதுவே இவற்றின் சிறப்பு.

சான்றாக, 'ஹாவ்' என்னும் துணைவினையால் அமையும் நிறைவு நிகழ்காலத்தை நோக்குவோம். இதனை எளிய இறந்தகாலத்தோடு ஒப்பிட்டு விளக்கும் பகுதி மூன்று நூல்களிலும் உண்டு. தமிழ் மாணாக்கனுக்குத் தொடக்கத்தில் இவ்வடிவம் எளிது. 'வந்திருக்கிறான்' என்னும் தமிழ் வழக்கு அவனுக்குப் பாலமாக உதவும். இடைநிலையில் அப்பாலமே இடறுகல்லாகின்றது. காலையில் நனைந்த தரையைக் கண்டு, 'நேற்று இங்கு மழை பெய்திருக்கிறது' என்கிறோம். கண்டதுகொண்டு காணாததை உய்த்துணரும் இத்தமிழ் வழக்கில், 'நேற்று' என்னும் சொல் இயல்பாகவே பொருந்துகின்றது. ஆங்கிலத்திலோ, முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் அச்சொல் நிறைவு நிகழ்காலத்தோடு பொதுவாக இயையாது. ஆண்டு எளிய இறந்தகாலமே வரும். உயர்நிலையில் சிக்கல் வேறாகின்றது. ஒரு செய்தியை நிறைவு நிகழ்காலத்தில் தொடங்கி, அதன் விவரங்களை எளிய இறந்தகாலத்தில் தொடர்வது ஆங்கிலச் செய்தியாளர் பெரிதும் மேற்கொள்ளும் முறை. ஈண்டு மாணாக்கன் அறியவேண்டுவது பிழை நீக்கமன்று. சொல்வோன் கருத்துக்கேற்ப வடிவத்தைத் தேரும் திறன்.

இலக்கணக் கூறு ஒன்றே. அதுபற்றி எழும் வினாக்களோ மூன்று. தொடக்கத்தில் வடிவம் யாது என்பதும், இடையில் எங்கு வாராது என்பதும், உயர்நிலையில் ஏன் இதனைத் தேர்ந்தான் என்பதும் வினாக்களாகும். விதிகளின் தொகையைப் பெருக்குவது நிலையுயர்த்தலாகாது. வினாவை மாற்றுவதே நிலையுயர்த்தலாகும்.

இந்நூல்களுக்குக் குறையும் உண்டு. எல்லா நாட்டு மாணாக்கர்க்கும் பொதுவாக எழுதப்பட்டமையின், தமிழன் 'நேற்று' என்னுமிடத்தில் இடறுவதை இவை தனித்து நோக்க இயலாது. அக்குறையை நிரப்புதல் ஆசிரியர் கடன். இரு மொழி இலக்கணமும் அறிந்த தமிழாசிரியரும் அதற்குத் துணைநிற்றல் வேண்டும்.

மற்றொன்றும் நோக்கற்பாலது. ஒரு விதி விளங்குதல் வேறு. அது பேச்சில் தானே வந்தமைதல் வேறு. ஆங்கில வினையில் வரும் படர்க்கை ஒருமை 'எஸ்' ஈற்றைத் தமிழ் மாணாக்கன் நொடியில் விளங்கிக்கொள்வான். அவன்றன் மொழியின் வினைமுற்றுகளில் பெரும்பாலன திணை, பால், இடம் காட்டும் ஈறுடையன. எனினும், அவ்வீற்றை அவன் பேச்சில் நெடுநாள் விட்டுவிடுவான். 1974இல் ஹைடி டூலே, மரினா பர்ட் இருவரும் ஸ்பானிய மொழியும் சீன மொழியும் பேசும் சிறுவரை ஆராய்ந்தனர். ஆங்கில உருபுகளை இருசாராரும் ஏறத்தாழ ஒரே வரிசையில் பெறுவதையும், இவ்வீறு அவ்வரிசையில் பிற்பட்டு நிற்பதையும் அவர்கள் கண்டனர். முதல் திங்களில் கற்பித்ததை மூன்றாம் திங்களில் வழுவுகின்றான் என்று ஒருவனைக் கடை மாணாக்கனாக ஒதுக்குதல் முறையன்று.

இல்லிக்குடம் என்று நாம் இகழ்ந்தோருள் எத்தனை பேர் காலம் வாராமையால் நிறையாதிருந்தனரோ! தரமறிந்து கற்பித்தல் என்பதற்கு நிலையறிந்து கற்பித்தல் என்றும் பொருள் கொள்வோமாயின், பழைய நெறி புதிய வகுப்பறைக்கும் பயன்படும்.